கழற்றி மாட்டும் பொத்தான்

போன ஆவணியில், மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியறையில் நான் போட்ட கூச்சலை என் மனைவி இன்னும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என் அண்ணன் பேரன் கபிலனுக்கு மறுநாள் கல்யாணம், அன்று மாலை வரவேற்பு. கோட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்று எங்கோ ஆர்டர் செய்து வரவழைத்த வெள்ளைச் சட்டையைப் பிரித்துப் பார்த்தால், கைமடிப்பில் இரண்டு பக்கமும் ஓட்டை மட்டும் இருக்கிறது, பொத்தானைக் காணோம். "பட்டன் வைக்காமலே அனுப்பிட்டான் பாரு, கட்டையில போறவன்!" என்று கபிலனின் அம்மா மலர் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. யாருடைய பழைய சட்டையிலிருந்தோ இரண்டு பொத்தானை வெட்டி எடுத்து, ஊசியில் நூலும் கோத்துவிட்டாள். ஊசி துணியில் இறங்கப் போகிற நேரத்தில்தான் நான் கதவைத் திறந்தேன்.

"தைக்காதே!"

அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். மலர் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். "என்ன மாமா இது, ஈரக்குலையே நடுங்கிப் போச்சு!" என்றாள். கபிலன் என் நாடியைப் பிடித்துப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டான். "அது தைக்கிற பொத்தான் இல்லம்மா, கழட்டி மாட்டுற பொத்தான்" என்று அசடு வழியச் சொன்னேன். மூலையில் நாற்காலி போட்டுப் பூ தொடுத்துக்கொண்டிருந்த என் அண்ணி மட்டும் தலை நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல், "இருங்க, வீட்டுல டப்பா இருக்கு, கொண்டாறேன்" என்று ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டேன்.

அந்த டப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பிஸ்கட் வந்த பழைய தகர டப்பா. மூடியைத் திறந்தால் பச்சை ஏறிய பித்தளை வாசனை அடிக்கும். என் மனைவிக்கு அது குமட்டும். உள்ளே முழுக்க, கைமடிப்பில் மாட்டுகிற கஃப்லிங்கும் ஜிப்பாப் பொத்தானும்தான். முத்துச்சிப்பியில் செய்தது, கண்ணாடிக் கல் பதித்தது, தங்க முலாம் போய்ப் பல்லை இளிப்பது, மெல்லிய சங்கிலியில் கோத்து மார்பில் தொங்கவிடுகிற பொத்தான் வரிசை, கட்சிக்காரர்கள் மாநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போன சின்னம் பொறித்தது, ஜோடியில் ஒன்று தொலைந்து ஒற்றையாய் நிற்பது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருக்கு எதற்கு இந்தச் சீமைப் பழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். பென்சன்காரர்கள் கூட்டத்துக்கு ஒருமுறை முத்துச்சிப்பி ஜோடியை மாட்டிக்கொண்டு போனேன். "பாருங்கய்யா, கண்டக்டர் கலெக்டர் ஆயிட்டாரு!" என்று ஒருத்தர் சத்தமாகச் சொல்ல, அன்றிலிருந்து எனக்குக் கலெக்டர் என்றே பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது, போங்கள்.

கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் வண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. மயிலாடுதுறைக்கு அப்போது மாயவரம் என்றுதான் பெயர். எங்கள் தெருவிலிருந்து வயல் வேலைக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போன முதல் ஆள் நான். முதலாளி இரண்டு காக்கிச் சட்டை கொடுத்தார். அதில் பொத்தான் தைத்திருக்காது. பித்தளைப் பொத்தான் தனியாக வரும்; அதன் மேல் ஒரு சக்கரம், சக்கரத்தின் நடுவில் முதலாளி பெயரின் முதல் எழுத்து. பின்பக்கக் காதைச் சட்டை ஓட்டைக்குள் விட்டு, உட்புறம் ஒரு கம்பி வளையத்தை மாட்டினால் நிற்கும். துவைக்கப் போடும்போது கழற்றிவிட வேண்டும். நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்வேன். ஒரு பொத்தானின் வளையம் எங்கேயோ விழுந்து தொலைந்துவிட்டது. டிரைவர் கொடுத்த செம்புக் கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி அதற்குப் பதிலாக மாட்டிவைத்தேன். "அவசரத்துக்குக் கழட்டவும் முடியாது, எமன் வந்தாலும் பிடுங்கவும் முடியாது" என்று டிரைவர் கேலி செய்வார்.

என் அண்ணன் வீரையன் அப்படிக் காக்கி போடுகிற ஆள் இல்லை. விவசாயச் சங்கத்து ஆள், அவனுக்குச் சிவப்புத் துண்டு. நிலமெல்லாம் நாலைந்து பண்ணைகளிடம் இருந்த காலம். ஆட்சி மாறி, உச்சவரம்புச் சட்டம் பேசி, பண்ணைகள் மாடு மேய்க்கிறவன் பெயரிலும் செத்துப்போன பாட்டன் பெயரிலும் பட்டா எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கூலியை உயர்த்திக் கேட்டால், அறுப்புக்கு வெளியூர் ஆளை லாரியில் இறக்குவார்கள். அண்ணன் களத்து மேட்டில் கொடியை நட்டுக்கொண்டு, "எங்க ஊரு நெல்லை எங்க அருவாதான் அறுக்கும்" என்று நிற்பான். பேச்சு அப்படி. ஆள் பரம சாது, அம்மாவுக்கு மீன் அரிந்து கொடுப்பான்.

அவனுக்குச் சங்கத்து முறையில் கல்யாணம் என்று முடிவானது. ஐயர் இல்லை, தலைவர் ஒருவர் வந்து பேசி மாலை எடுத்துக் கொடுப்பார். தாலியும் வேண்டாம் என்றுதான் தலைவர் சொன்னார். அம்மா ஒரே போடாகப் போட்டாள்: "தாலி இல்லாம என்னாங்க கல்யாணம்? கொடி நீங்க புடிங்க, தாலி நான் வாங்கறேன்." அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அந்தத் தாலிதான் இந்தக் கதை.

கடைத்தெருவில் லாண்டரி வைத்திருந்த தங்கராசு, என் அண்ணனுக்கு உயிர்க் கூட்டாளி. கூட்டாளி கல்யாணத்தில் கதர்ச் சட்டையோடு நிற்பதாவது என்று, எங்கள் ஊர்ப் பெரியபண்ணையின் பட்டு ஜிப்பாவை, வெளுக்க வந்ததை, ஒரு காலைப் பொழுதுக்கு இரவலாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அதற்கு முன்னாலும் யார் யார் துணியையோ யார் யாரோ அப்படிப் போட்டுப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். துவைத்து இஸ்திரி போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எங்கள் பெரியபண்ணை தங்கப் பொத்தான் போடுகிறவர். சங்கிலி கோத்த தங்கப் பொத்தானை விசேஷத்தன்று மாட்டி, மறுநாள் கழற்றிப் பெட்டியில் பூட்டுவார். ஆகவே ஜிப்பாவின் மார்பில் இரண்டு பக்கமும் ஓட்டைதான் இருக்கும், பொத்தான் இருக்காது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பெரிய வீட்டின் மீது இரக்கமே வந்துவிட்டது. "பாவம், பொத்தானெல்லாம் அறுந்து போச்சு. ஒரு பக்கம் பூச்சி வேற அரிச்சிருக்கு. கவனிக்க ஆளில்ல போலருக்கு" என்று சொல்லி, நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன பழைய சட்டையிலிருந்து வெள்ளைப் பொத்தான்களை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? பூச்சி அரித்தது என்று அவள் நினைத்த அந்தப் பக்கத்து ஓட்டைகளையெல்லாம், கண்ணுக்குத் தெரியாதபடி, நெருக்கி நெருக்கி இழையோட்டி மூடிவிட்டாள். அம்மாவின் கைத்தையல் அவ்வளவு நன்றாக இருக்கும். இரவல் வாங்கியதைச் செம்மை செய்து திருப்பிக் கொடுக்கிறோம் என்று அவளுக்குப் பெருமை.

நான் அப்போது வண்டியில் இருந்தேன். குத்தாலத்திலோ ஆடுதுறையிலோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டில் இருந்திருந்தால், என் சட்டையும் அந்த ஜாதிதானே, பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை. மறுநாள் காலை பந்தலில் அண்ணன் மாலையோடு நின்றபோதுதான் பார்த்தேன். பட்டு மார்பில் என் பள்ளிக்கூடத்துப் பொத்தான்கள். சுற்றிலும் வாழ்க வாழ்க என்று கோஷம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடா இருக்கான் உங்கண்ணன்?" என்றாள். ராஜா மாதிரிதான் இருந்தான். பக்கத்தில் அண்ணி, வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை.

மத்தியானம் தையலைப் பிரிக்கப் பார்த்தோம். பொத்தான் வந்துவிட்டது. மூடிய ஓட்டைகளைத் திறக்கப் போனால் பட்டு இழை இழையாய்ப் பிரிந்தது. தங்கராசு வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசியில், "இஸ்திரியை அழுத்திப் போட்டா தெரியாதுடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எடுத்துப் போனான்.

தெரியாமல் இருக்குமா? அந்த ஜிப்பா பெரியபண்ணையின் அறுபதாம் கல்யாணத்துக்காக வெளுக்கப் போட்டது. திருக்கடையூரில் அபிஷேகமெல்லாம் முடிந்து, சம்பந்திமாரெல்லாம் பந்திக்குக் காத்திருக்க, மனிதர் ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு தங்கப் பொத்தானை மாட்டப் போனால் மாட்ட ஓட்டையில்லை. தடவிப் பார்த்தால் முரட்டு நூல் தையல். மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டாராம். இதை நான் எங்கே கேட்டேன் தெரியுமா? என் வண்டியிலேயே. பின் சீட்டில் இரண்டு பேர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்: "பண்ணை ஜிப்பாவைப் போட்டுக்கிட்டு அவன் தாலி கட்டியிருக்கான்யா! பொத்தான் வேற தைச்சு விட்டிருக்கானுவோ!" கொடி நட்டதைப் பொறுத்தவர் இந்தச் சிரிப்பைப் பொறுக்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த சில நாளில் தங்கராசைப் பண்ணை வீட்டுக்கு இழுத்துப்போய் உள்ளே வைத்துக்கொண்டார்கள். பண்ணையின் காரியக்காரர் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்று சேதி சொன்னார்: "வீரையன் வந்து ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா தங்கராசை விட்டுடுவாங்க." அன்று சங்கத்து ஆட்களெல்லாம் கூலிப் பேச்சுவார்த்தைக்காக நாகப்பட்டினம் போயிருந்தார்கள். நானும் வண்டிக்குப் போயிருந்தேன். நடந்ததை அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"போயி, ஆண்டே, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு வந்துடுடா" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள்.

"ஐயான்னு சொல்றேன். ஆண்டேன்னு வாய் வராதும்மா. தங்கராசுக்காகப் போறேன்."

பண்ணை வாசலுக்கு எங்கள் ஆட்கள் சட்டை போட்டுப் போகக்கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும், பண்ணையை ஆண்டே என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அண்ணன் வெற்று உடம்போடு போகமாட்டேன் என்றுவிட்டான். சிவப்புத் துண்டோடு அனுப்ப அம்மாவுக்குப் பயம். அப்போதுதான் கொடியில் தொங்கிய என் இன்னொரு காக்கிச் சட்டை அவள் கண்ணில் பட்டிருக்கிறது. காக்கி என்றால் சர்க்கார், காக்கி மேல் கை வைக்க எவனும் யோசிப்பான் என்று அவள் நம்பினாள். போலீசு, தபால், பஸ் எல்லாம் அவளுக்கு ஒரே சட்டைதான். அவளே பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாளாம். செம்புக் கம்பி போட்ட பொத்தானை நெஞ்சுக்கு நேரே மாட்டி, கம்பியை முறுக்கி, "இது கழலாது, போய்ட்டு வா" என்றாளாம்.

உச்சிவெயிலில் வாய்க்கால் கரையோடு போனான். தங்கராசைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வந்தவன், "வீரையன் அங்க வரவே இல்லையே" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கொஞ்ச நாளில் திருப்பூர்ப் பக்கம் போனவன் ஊருக்குத் திரும்பவே இல்லை. போலீசு, அண்ணன் மேல் கொடி நட்ட வழக்கு இருப்பதால் தலைமறைவாகிவிட்டான் என்று சொல்லிக் கைகழுவியது. சங்கம் ஊர்வலம் போனது, ஆறு, குளம், புதர் எல்லாம் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

மதகடி என்ற நிறுத்தத்தில்தான் அந்த வாய்க்கால் ரோட்டைத் தாண்டும். அங்கே ஏற இறங்க ஆள் இல்லாவிட்டாலும் நான் விசில் கொடுப்பேன். வண்டி நிற்கும். "யாருப்பா எறங்குறது?" என்று டிரைவர் திரும்பிப் பார்ப்பார். நான் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காக்கிச் சட்டை ஒன்று ஓடி வருவதுபோலவே இருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். பிறகு டிரைவர் கேட்பதை விட்டுவிட்டார். அங்கே வந்தால் அவரே நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, அவரே எடுப்பார்.

அண்ணிக்கு மசக்கை கண்டது. பிள்ளை பிறந்தது, அவன்தான் கபிலனின் அப்பா. வருடங்கள் போகப் போக ஊர்ப் பெண்கள் இழுத்துப் பேச ஆரம்பித்தார்கள்: போனவன் போய்விட்டான், இன்னும் என்ன பூவும் பொட்டும் என்று. அம்மா வாசலில் நின்று கத்தினாள்: "எம்புள்ள செத்ததுக்கு எவன்டி சாட்சி? கொண்டாங்கடி ஒரு சாட்சியை! அன்னிக்குக் கழட்டறோம் தாலியை!" அதன் பிறகு ஊர் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒன்று செய்தாள். அதற்கப்புறம் ஊசியைத் தொடவே இல்லை. கிழிந்ததைக் கிழிந்தபடியே கட்டிக்கொண்டு செத்தாள்.

எனக்கு அந்தச் சாட்சி என்ற சொல் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. உடம்பு மண்ணாகும், துணி மக்கும், பித்தளை மக்காது. கும்பகோணத்துக்கு ஊரெல்லாம் இருந்து பழைய பித்தளை மூட்டை மூட்டையாக வரும், உருக்கி விளக்கும் பாத்திரமும் வார்ப்பதற்கு. வண்டி அங்கே நிற்கிற நேரத்தில் நான் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்துவிடுவேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? "பொத்தான் சேர்க்கிறேன்" என்றேன். அவர்களும் பொறுக்கி வைத்துக் கொடுத்தார்கள். பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக நொடித்து, பெட்டியோடு விற்ற காலம் அது. கஃப்லிங், ஜிப்பாப் பொத்தான், சங்கிலி என்று குவிந்தது. நான் தேடியது அதில் எதுவுமில்லை. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை எடுத்து வைக்கமாட்டார்களே என்று எல்லாவற்றையும் வாங்கி வந்தேன். என் சேகரிப்பு என்பது அவ்வளவுதான். தேடியது கிடைக்காமல் கிடைத்ததெல்லாம்.

ஒவ்வொரு முறை டப்பாவைத் திறக்கும்போதும் அண்ணி வந்து எட்டிப் பார்ப்பாள். "உங்க காக்கிப் பொத்தான் எதுவும் இல்லையே தம்பி?" என்பாள். இல்லை என்பேன். ஆசையாகக் கேட்கிறாள் என்றுதான் நெடுநாள் நினைத்தேன், எனக்கும் சங்கடமாக இருக்கும். ஒருநாள் கவனித்தேன். கேட்கும்போது அவள் கை தாலியைப் பிடித்திருந்தது. நான் இல்லை என்றதும் மூச்சை விட்டுக் கையை எடுத்தாள். இத்தனை வருடம் நான் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகும் கடைக்குப் போவதை விட முடியவில்லை. பழக்கம். ஒரு கோடையில், ஆற்றில் மணல் அள்ளுகிற இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக் கடைக்காரர் ஒரு சாக்கைக் கொட்டினார். ஓட்டைச் சொம்பு, உடைந்த மணி, அதற்குள் அது. கறுத்துப்போய் இருந்தது. சக்கரம் தெரிந்தது, எழுத்து பாதி தெரிந்தது. திருப்பினேன். காதில் செம்புக் கம்பி, பச்சை பூத்து, மூன்று முறுக்கு. நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னாங்க, வெயிலா?" என்று கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

பெரியபண்ணை அப்போது போய்ச் சேர்ந்துவிட்டார், காரியக்காரரும் இல்லை. சாட்சி யாருக்கு எதிராகச் சொல்லும்? அண்ணி ஒருத்திக்கு எதிராகத்தான். மறுபடி ஆற்றில் போடலாம் என்றால், ஆளைத் தராத ஆறு பொத்தானைத் தந்துவிட்டதே, அதை எப்படி நம்புவது? பட்டறைக்கு நடந்தேன். உலையில் பித்தளை கொதித்துக்கொண்டிருந்தது. இதையும் போடுங்கள் என்று நீட்டினேன். "கம்பி செம்பாச்சே?" என்றார் வார்ப்பவர். பிறகு அவரே, "பித்தளைக்குள்ள இருக்கறதே செம்புதான், கெடக்கட்டும்" என்று போட்டுவிட்டார். அன்றைக்கு என்ன வார்க்கிறீர்கள் என்று கேட்டேன். குத்துவிளக்கு என்றார். எந்த வீட்டில் எரிகிறதோ. எந்தக் கல்யாண வீட்டிலும் குத்துவிளக்கை நான் நேராகப் பார்ப்பதில்லை.

அந்த பஸ் கம்பெனி இப்போது இல்லை. கண்டக்டருக்குப் பித்தளைப் பொத்தான் இருந்தது என்று சொன்னால் இந்தக் காலத்துக் கண்டக்டர்களே சிரிக்கிறார்கள். பண்ணை வீடு இடிந்து மனையாகிவிட்டது, மதகடி நிறுத்தத்தில் பாலம் வந்து வண்டிகள் நிற்காமல் போகின்றன. ஆண்டே என்ற சொல்லின் அர்த்தம் கபிலனுக்குத் தெரியாது, அந்த ஒன்று ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம். அவன் அதைச் சொல்லாமலே கோட்டு போட்டுவிட்டான்.

டப்பாவோடு மண்டபத்துக்குத் திரும்பினேன். முத்துச்சிப்பி ஜோடியைத் துடைத்துக் கபிலனின் கைமடிப்பில் மாட்டினேன். "சூப்பரா இருக்கு சின்ன தாத்தா, எங்க புடிச்சீங்க?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழேயிருந்து ஆரத்தி எடுக்க அண்ணியைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் ஆரத்தி அவளுடையதுதான். மூத்த சுமங்கலி. எழுந்தவள் டப்பாவுக்கு அருகில் வந்து நின்றாள். கை தாலியில் இருந்தது.

"இதுல உங்க காக்கிப் பொத்தான் எதுவும் இல்லையே தம்பி?"

"இல்லை அண்ணி" என்றேன்.

"கபிலா, போட்டோவெல்லாம் நல்லா எடுத்து வை. உங்க தாத்தா வந்தா கேப்பாரு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு, ஆரத்தி எடுக்கக் கீழே இறங்கிப் போனாள்.